ஜெர்மன் சக்கரமும் கடலூர் மணற்பாறையும்

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்குச் செல்லும் சாலைக்குத் தெற்கே, கெடிலம் ஆற்றையொட்டி, செந்நிறமான மேட்டுநிலம் ஒன்று நீண்டு கிடக்கிறது. அதன் கடலூர்ப் பக்கத்துப் பெயர் கேப்பர் மலை. மலை என்பது சற்று மரியாதைக்காகச் சொல்லப்படும் பெயரே. உண்மையில் அது ஒரு மேடு. திருவந்திபுரம் கோவிலுக்கு எதிரேயுள்ள குன்றின் படிகளில் ஏறியவர்கள் அந்த மண்ணையும் கல்லையும் அருகிலிருந்து பார்த்திருப்பார்கள்.

அடுத்த முறை போகும்போது அங்கே உதிர்ந்து கிடக்கும் செங்கல் நிறத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு பழைய இரும்பு ஆணியின் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கல் பொடிப்பொடியாக உதிரும். ஆனால் ஆணியின் மேலும் பளபளவென்று கீறல்கள் விழுந்திருக்கும். தோற்றது கல்லா, ஆணியா என்று சொல்வது கடினம். இந்தக் கல்லுக்குக் கடலூர் மணற்பாறை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆராய்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற நிலவியலார் சூட்டிய பெயர் அது. திருவக்கரையில் காணும் கல்லாய்ச் சமைந்த மரங்களும் இதே அடுக்கைச் சேர்ந்தவை. இந்த அடுக்குதான் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேல் கனத்த போர்வையாகக் கிடக்கிறது. அந்தப் போர்வையை விலக்குவதற்காக ஜெர்மனியிலிருந்து வந்த மாபெரும் எந்திரங்களுக்கும் இந்தச் சிவந்த கல்லுக்கும் நடந்த போராட்டத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு சிறிய எந்திரத்தைப் பார்த்துவிடுவோம். என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் இப்போது கனடாவில் இருக்கிறார். கோடையில் புல் வெட்டுவதற்காக, மேலே உட்கார்ந்து ஓட்டிச் செல்லும் சிறு வண்டி ஒன்றை வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி விழுந்து கிடக்கும். பனியை வாரி ஒரு பக்கமாக வீசும் சுழல் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கவே, அதைப் புல்வெட்டி வண்டியின் முன்னால் பொருத்த முயன்றார். வேறொரு வண்டிக்கென்று செய்யப்பட்ட கருவி அது. பெல்ட் போட்டதும் கருவி சுழன்றது. ஆனால் வேகம் சரியில்லை. கப்பியின் விட்டத்தை மாற்றினார். பிறகு முன்பாரம் கூடி, பின் சக்கரங்கள் பிடிப்பின்றி வழுக்கின. பின்னால் எடைக்கட்டிகளைக் கட்டி, சக்கரங்களுக்குச் சங்கிலி போட்டார். கடைசியில் பனிக்குள் மறைந்திருந்த ஒரு கட்டையில் கருவி மோதியது. அப்போது கருவியின் தண்டிலிருந்த ஒரு சின்னத் திருகாணி மட்டும் முறிந்தது. முறிவதற்கென்றே வைக்கப்பட்ட திருகாணி அது. முறிந்து, விலை மிகுந்த பற்சக்கரப் பெட்டியைக் காப்பாற்றிவிட்டது.

இந்தச் சுழல் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. ரயில் பாதையில் குவியும் பனியைச் சுழலும் சக்கரத்தால் வாரி எறியலாம் என்று 1869-ல் முதலில் திட்டம் வரைந்தவர் டொராண்டோ நகரத்துப் பல் மருத்துவர் ஜே. டபிள்யூ. எலியட். (பற்களைப் பற்றியே பேசப்போகும் இக்கட்டுரையில் ஒரு பல் மருத்துவர் வந்து சேர்ந்தது பொருத்தம்தான்!) மான்ட்ரியால் பகுதியைச் சேர்ந்த ஆர்தர் சிகார்டு 1925-ல் செய்த பனிவாரி, லாரியின் உடலும் வாரும் கருவியும் வீசும் கருவியும் ஒன்றாகக் கூட்டப்பட்ட ஓர் ஒட்டு எந்திரம். ஒன்றுக்கென்று பிறந்ததை இன்னொன்றோடு இணைப்பது பொறியியலில் அன்றுமுதல் இன்றுவரை நடப்பதே. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் சுமார் 100 கிலோகிராம்தான் இருக்கும். அதே அளவு மண்ணோ 1,600 கிலோகிராமுக்குக் குறையாது. பனியிலேயே இத்தனை தொல்லை என்றால் பாறையில் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நெய்வேலித் தொழிலாளர்கள் 'பக்கெட் வீல்' என்று சொல்லும் வாளிச் சக்கர எந்திரத்தின் தத்துவம் மிக எளியது. நம் ஊர்க் கிணறுகளில் முன்பு காணப்பட்ட பாரசீகச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் விளிம்பில் வாளிகள். ஒவ்வொரு வாளியின் உதட்டிலும் பற்கள். சக்கரம் நீண்டதொரு கையின் நுனியில் சுழல்கிறது. கை பக்கவாட்டில் மெல்ல அசைகிறது. வாளிகள் மண்ணைச் சீவி நிரப்பிக்கொண்டு மேலே சென்று கவிழ்கின்றன. கவிழ்ந்த மண் பட்டைக் கடத்தியில் விழுந்து போய்விடுகிறது. சாதாரண மண்வாரி எந்திரம் குத்தி, தூக்கி, திரும்பி, கொட்டி, மறுபடி வெறுங்கையோடு திரும்பி வர வேண்டும். சக்கரத்துக்கு அந்த வெறும் பயணம் இல்லை. இடைவிடாத வேலை என்பதே அதன் பெருமை.

ஜெர்மனியில் பெர்க்விட்ஸ் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 1916-ல் இவ்வகை எந்திரம் முதன்முதலாக வேலைக்கு வந்தது. அங்கே மேல்மண் பெரும்பாலும் மணலும் களிமண்ணும் சரளையுமே. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனால் வெடி வைக்கத் தேவையில்லாத மண் அது. ஆகவே ஜெர்மானியர் சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ரைன் பகுதியில் 1978-ல் வேலைக்கு வந்த ஓர் எந்திரத்தின் எடை சுமார் 13,500 டன்; நாளொன்றுக்கு 2,40,000 கன மீட்டர் தோண்டக்கூடியது. அமெரிக்காவில் வேறு விதமாக நடந்தது. இல்லினாய் மாநிலத்தில் கியூபா என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில், 1944-ல், ஃபிராங்க் கோல்பே என்பவர் புது எந்திரத்துக்குக் காத்திருக்காமல், பழைய மண்வாரி எந்திரம் ஒன்றின் அடிப்பாகத்தின் மேல் வாளிச் சக்கரத்தைப் பொருத்திவிட்டார். போர்க்காலத்தில் புது எந்திரம் கிடைப்பது அரிது அல்லவா? நம் கனடா மாணவர் செய்ததன் மாபெரும் வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு துளைத்தபோது, பீறிட்டு வந்த நீரோடு கறுப்பான பொருள் ஒன்றும் வெளிவந்தது. அதை அவர் அலட்சியம் செய்யாமல் அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். 1940-களில் இந்திய நிலவியல் துறை துளையிட்டுச் சோதித்தது. பின்னர் எச். கே. கோஷ் என்ற சுரங்கப் பொறியாளர் சென்னை அரசின் சார்பில் அந்த வேலையைத் தொடர்ந்து, நிலக்கரியின் பரப்பையும் அளவையும் மதிப்பிட்டார். கொழும்புத் திட்டத்தின் கீழ் பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் திட்ட அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி நிலக்கரிக் கழகம் பதிவாயிற்று. 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆலோசனை பிரிட்டனுடையது, மண் தோண்டும் எந்திரம் மேற்கு ஜெர்மனியுடையது, அனல் மின்நிலையமோ சோவியத் உதவி. கெடுபிடிப் போர் உச்சத்திலிருந்த காலத்தில் இம்மூன்றும் தென்னாற்காட்டு முந்திரிக்காட்டில் ஒன்றாகக் கூடின என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாயிருக்கிறது.

அன்று தமிழ்நாட்டில் நிலக்கரி இல்லை. மின்சாரத்துக்கும் ஆலைகளுக்கும் வங்காளம், பீகார் நிலக்கரியைத்தான் எதிர்பார்க்க வேண்டும். மழை பொய்த்தால் நீர்மின்சாரமும் குறையும். ஆகவே நெய்வேலித் திட்டம் தவறினால் இழப்பு ஒரு நிறுவனத்தோடு நின்றிருக்காது.

வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நிலக்கரிப் படிவத்தின் மேல் 50 மீட்டருக்கும் அதிகமான மண்ணும் பாறையும் உள்ளன. விகிதம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு டன் நிலக்கரிக்கு 5 கன மீட்டர் மேல்மண் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 35 லட்சம் டன் என்பது முதற்சுரங்கத்தின் தொடக்க கால இலக்கு. அப்படியானால் ஆண்டுக்கு 1 கோடியே 75 லட்சம் கன மீட்டர். நாளுக்குச் சுமார் 48,000 கன மீட்டர். மண்வெட்டியும் கூடையும் கொண்டு ஓர் ஆள் நாளெல்லாம் வெட்டினாலும் இரண்டு, மூன்று கன மீட்டருக்கு மேல் போகாது. வாளிச் சக்கரம் தவிர வேறு வழி தோன்றாததில் வியப்பில்லை. 350 லிட்டர், 700 லிட்டர் கொள்ளளவுள்ள வாளிகளைக் கொண்ட சக்கரங்கள் வந்து சேர்ந்தன. பின்னாளில் 1,400 லிட்டர் வாளிகளும் வந்தன.

வந்த சக்கரங்கள் வேலையைத் தொடங்கியபின்தான் நம் கேப்பர் மலைக் கல் தன் குணத்தைக் காட்டிற்று. வாளிகளின் பற்கள் தேய்ந்தன. ஜெர்மனியில் நெடுநாள் உழைக்கும் பல் இங்கே விரைவிலேயே மொட்டையாயிற்று.

ஏன் என்பதைப் பள்ளி இயற்பியலே விளக்கும். மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவையில் குவார்ட்ஸின் இடம் 7. சாதாரண இரும்பாணி 4 அல்லது 5. நன்கு கடினமாக்கிய உருக்குகூடப் பெரும்பாலும் 7-ஐத் தாண்டுவதில்லை. கடினமானது மென்மையானதைக் கீறும். உதிரி மணலானால் மணிகள் உருண்டு விலகிக்கொள்ளும். பாறையில் அவை சிமெண்டுப் பூச்சில் பதித்த கண்ணாடித் துண்டுகளைப் போல் பிடிபட்டு நிற்கின்றன. அவற்றின் மேல் பல்லைத் தேய்ப்பது உப்புத்தாளில் தேய்ப்பது போலத்தான்.

இதில் ஒரு விஷவட்டமும் இருக்கிறது. பல் வெட்டுவது விசையால் அல்ல, அழுத்தத்தால். அதாவது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பதால். கூரான பல்லின் நுனிப் பரப்பு மிகச் சிறியது. பல் தேய்ந்து நுனி நான்கு மடங்கு அகன்றால், அதே அழுத்தத்துக்கு நான்கு மடங்கு விசை வேண்டும். விசை கூடினால் உராய்வும், அதனால் வெப்பமும் கூடும். சூடேறிய உருக்கு இளகும். இளகினால் இன்னும் விரைவாகத் தேயும்.

சரி, விசையைத்தான் கூட்டிவிட்டால் என்ன? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 700 லிட்டர் வாளிகள் நிமிடத்துக்கு 40 கவிழ்வதாகக் கொள்வோம். மணிக்கு 1,680 கன மீட்டர். ஏறத்தாழ 2,700 டன். அதாவது வினாடிக்குச் சுமார் 750 கிலோகிராம். இதை 8 மீட்டர் உயர்த்தத் தேவையான திறன் 750 × 9.8 × 8, ஏறக்குறைய 60 கிலோவாட். ஆனால் இத்தகைய சக்கரத்தைச் சுழற்றும் மின்னோடியின் திறன் இதைப்போல் பல மடங்கு. மிச்சம் எங்கே போகிறது? வெட்டுவதற்குத்தான். தூக்கும் செலவு எந்த நாட்டிலும் ஒன்றே. வெட்டும் செலவுதான் மண்ணுக்கு மண் மாறுகிறது. இரு மடங்கு கெட்டியான மண்ணுக்கு ஏறத்தாழ இரு மடங்கு திருப்புவிசை வேண்டும். பெரிய மின்னோடியும் கனமான பற்சக்கரப் பெட்டியும் பொருத்தலாமே என்றால், அவை இருக்க வேண்டிய இடம் நீண்ட கையின் நுனி! நுனியில் ஒரு டன் கூடினால் மறுபுறத்துக் குறுகிய கையில் அதைவிடப் பல டன் எதிர்ப்பாரம் கூட்ட வேண்டும். மொத்த எடை கூடினால் கீழே தாங்கும் சங்கிலித் தடங்களை அகலப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் மழை ஈரத்தில் எந்திரம் புதையும். கனடா மாணவர் எடைக்கட்டி கட்டிய கதைதான். எடைக்கட்டி மட்டும் பெரிது. இதுவும் போதாதென்று, கெட்டிப்பாறையில் பல் மோதும் ஒவ்வொரு அதிர்ச்சியும் கை முழுவதும் ஓடுகிறது. பல்லாயிரம் முறை அதிர்ந்த உருக்குச் சட்டத்தில் களைப்பு விரிசல்கள் தோன்றும் என்பது ரயில், விமானப் பொறியாளர்கள் நன்கறிந்த செய்தி.

ஆகவே எந்திரத்தின் தசையைக் கூட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. மாற்றக்கூடியவை எஞ்சியிருந்தவை இரண்டு: ஒன்று பல், மற்றொன்று, யாரும் எளிதில் எண்ணிப் பார்க்காதது, பாறை.

முதலில் பல். மிகக் கடினமான பொருளால் பல்லைச் செய்துவிட்டால் தேயாது அல்லவா என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. டங்ஸ்டன் கார்பைடின் கடினம் சுமார் 9. குவார்ட்ஸ் அதைக் கீற முடியாது. ஆனால் கடினமானது பெரும்பாலும் நொறுங்கக்கூடியது. முழுப் பல்லையும் அதனால் செய்தால் தேயாமல் உடையும். உடையாத உருக்கோ தேய்கிறது. இதற்கு நம் கொல்லுப்பட்டறையில் பழைய விடை ஒன்று இருக்கிறது. தேய்ந்த கடப்பாரைக்கு முனையில் உருக்கு வைத்து அடித்துத் தருவார் கொல்லர். உடல் இரும்பு, முனை உருக்கு. நெய்வேலியிலும் இதுவே வழி. உறுதியான, வளைந்துகொடுக்கும் உருக்குப் பல்லின் முனையிலும் தேயும் முகங்களிலும் கடினக் கலப்பு உலோகத்தைப் பற்றவைப்பு முறையில் பூசினார்கள். பல்லின் வடிவம், வெட்டும் கோணம் ஆகியவையும் கவனத்துக்கு வந்தன. தேய்ந்த பல்லைக் கழற்றிப் புதிதை மாட்டுவதும், கழற்றியதைப் பட்டறைக்கு அனுப்பி மறுபடி பூசுவதும் அன்றாட வேலையாயின. சுரங்கம் என்றால் வெட்டுபவர்களை நினைக்கிறோம், பற்றவைப்பவர்களை நினைப்பதில்லை. என் கணிப்பில், நெய்வேலி மின்சாரத்தில் அவர்கள் பங்கு நூல்களில் வரும் பெரியவர்களின் பங்குக்குச் சளைத்ததல்ல.

அடுத்தது பாறை. பாறைக்கேற்ப எந்திரத்தை முற்றிலும் மாற்ற முடியாதபோது, எந்திரத்துக்கேற்பப் பாறையை மாற்றினார்கள். சக்கரம் வந்து வெட்டுமுன்பே, கெட்டியான அடுக்குகளில் வரிசையாகத் துளையிட்டு வெடி வைக்கும் முறை வந்தது. கல் குவாரி வெடியிலிருந்து இது மாறுபட்டது. அங்கே பாறை பிளந்து சரிய வேண்டும். இங்கே பாறை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். உள்ளுக்குள் விரிசல் மட்டும் விட வேண்டும். வெடி குறைந்தால் பல் மீண்டும் தேயும். வெடி சரியாக அமையாவிட்டால் பெரும் பாளங்கள் உருவாகி, சக்கரத்திலும் கடத்திப் பட்டையிலும் சிக்கி அவற்றைக் கிழித்துவிடும். வெடிக்கும் நேரத்தில் எந்திரத்தைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். இடைவிடாத வேலைக்கென்று பிறந்த எந்திரத்துக்கு அது ஓர் இடைவேளை. வெடிமருந்துச் செலவு வேறு. ரைன்லாந்தில் தேவைப்படாத இச்செலவை ஏற்றுக்கொண்டுதான் ஜெர்மன் சக்கரம் தென்னாற்காட்டில் நிலைபெற்றது.

கல்லோடு தொல்லை முடியவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அதே மேல்மண்ணிலுள்ள களிமண் பசையாகிவிடும். வாளி கவிழ்ந்தாலும் மண் கவிழாது; வாளிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மண் ஒரு பட்டையிலிருந்து மற்றொன்றுக்கு விழும் வாய்கள் அடைத்துக்கொள்ளும். கோடையில் தேய்க்கிற மண் மழையில் ஒட்டுகிறது. இரண்டுக்கும் ஒரே சக்கரம். ஜெர்மனியிலும் மழை உண்டு, ஆனால் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஓரிரு மாதங்களில் கொட்டும் வழக்கம் அங்கில்லை.

கீழிருந்து வரும் நீரோ இன்னும் அச்சந்தருவது. நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்துக்கு உட்பட்ட நீரடுக்கு ஒன்று இருக்கிறது. அது மேல்நோக்கித் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை. அதாவது 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். மேல்மண்ணின் கனம்தான் அதை அடக்கி வைத்திருந்தது. மூடியை எடுத்தால் தரையே பொங்கி உடையும். ஆகவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்த பிறகே நிலக்கரியை வெளிப்படுத்த முடிந்தது. 1961 ஆகஸ்ட் 24-ல் கறுப்புப் படிவம் முதன்முறையாக வெயிலைக் கண்டது. அடுத்த ஆண்டு 50 மெகாவாட் திறனுள்ள முதல் மின்னாக்கி இயங்கிற்று. 1970-ல் மின்நிலையம் 600 மெகாவாட்டை எட்டியது. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தபின் 2020-ல் அது நிறுத்தப்பட்டது.

இத்தனை பாடுபட்டு எட்டிய நிலக்கரி சக்கரத்துக்குப் பரம சாது. ஏறத்தாழ பாதி எடை ஈரம். பல் எளிதாக இறங்கும். கதவை உடைப்பதற்குத்தான் பாடு. வீட்டுக்குள் எல்லாம் சுலபம்.

கதவின் மேல் ஊர்களும் வயல்களும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். சுரங்கம் விரியும்போதெல்லாம் அந்த ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் எந்திரங்கள் இறங்கியது பெரும் போராட்டமாகி நீதிமன்றம்வரை சென்றது. பல்லின் தேய்மானத்தைக் கிராமில் அளக்கலாம். இதற்கு அப்படிப்பட்ட அளவை என்னிடம் இல்லை.

இரண்டாம் சுரங்கம் திட்டமிடப்பட்டபோது, முதற்சுரங்கத்தின் அனுபவம் கையிலிருந்தது. எந்த அடுக்கு எவ்வளவு கெட்டி, எங்கே வெடி வேண்டும், எங்கே வேண்டாம் என்பவை துளை மாதிரிகளிலிருந்து முன்கூட்டியே கணிக்கப்படலாயின. 1984-ல் அங்கே நிலக்கரி தென்பட்டது. இன்றும் அங்கெல்லாம் வெடிக்கான துளைகள் முன்னே செல்கின்றன. சக்கரம் பின்னே வருகிறது. சக்கரம் நிற்கும் நேரத்தில் ஆட்கள் அதன் மேல் ஏறி வாளி வாளியாகப் பற்களைத் தட்டிப் பார்த்து, மொட்டையானவற்றைக் கழற்றிக் கீழே போடுகிறார்கள்.